பகல் எட்டு மணி நேரம்தான்: இங்கிலாந்துக் கிராமங்களில் குளிர்கால சைக்கிள் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

நவம்பர் பிறந்ததும் இங்கிலாந்தில் பலர் சைக்கிளைக் கொட்டகையில் சாத்திவிடுகிறார்கள். பிறகு ஏப்ரல் வரை அதைத் தொடுவதில்லை. அவர்கள் எதையெல்லாம் காணாமல் விடுகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடையில் கிராமச் சாலையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு அடர்ந்து நிற்கும் வேலிச்செடிகள் இலையுதிர்ந்ததும் வலைபோல ஆகிவிடும். அதுவரை மறைந்திருந்த வயலும் ஓடையும், அடுத்த ஊர்த் தேவாலயத்தின் கோபுரமும் ஊடாகத் தெரியும். மிட்லண்ட்ஸ் பகுதியில் இடைக்கால உழவர்கள் உழுத மேடுபள்ளங்கள் புல்வெளிகளில் இன்றும் அலையலையாகக் கிடக்கின்றன. குளிர்கால வெயில் தாழ்வாகப் பக்கவாட்டில் விழும்போது அவை எழுந்து நிற்பதுபோலத் தோன்றும். ஹெரஃபோர்ட்ஷயர் ஆப்பிள் தோப்புகளில் மொட்டை மரங்களில் புல்லுருவி பச்சைப் பந்துகளாகத் தொங்கும். ஸ்காண்டிநேவியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த ஃபீல்டுஃபேர் பறவைகள் வேலியிலிருந்து கூட்டமாக எழும்பி உங்களுக்கு முன்னால் பறந்துபோகும்.

இதையெல்லாம் பார்க்கப் பந்தய வீரராக இருக்கவேண்டியதில்லை. ஓரளவு சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும். ஆனால் கோடைப் பயணத்தைப்போல நினைத்த நேரத்தில் கிளம்பிவிட முடியாது. குளிர்காலப் பயணத்தில் எல்லா முடிவுகளும் பகல் வெளிச்சத்திலிருந்தே தொடங்குகின்றன.

முதலில் கடிகாரம்

டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் சூரியன் காலை 8 மணிக்குச் சற்றுப் பின் உதித்து, மாலை 4 மணிக்குள் மறைந்துவிடுகிறது. வடக்கே நியூகாசில் பக்கம் போனால் பகல் இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் குறையும். நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி அளவுக்குத்தான் எழும்புகிறது. மரங்களின் நிழலில் இருக்கும் சாலைத் துண்டுகளில் நாள் முழுவதும் வெயிலே படாது.

நான் கணக்குப் போடும் முறை இது. காலை 10 மணிக்கு முன் கிளம்புவதில்லை, ஏனென்றால் இரவில் உறைந்தது இளக நேரம் வேண்டும். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே பயணம் முடிந்துவிடவேண்டும். டிசம்பரில் அது ஏறக்குறைய பிற்பகல் 2.30. அந்த ஒன்றரை மணி நேரம் பஞ்சருக்கும், வழி தவறுவதற்கும், எதிர்காற்றுக்கும் ஒதுக்கிய சேமிப்பு. அதைப் பயணத்தின் நீளத்தில் சேர்த்துவிடாதீர்கள். மீதி இருப்பது நாலரை மணி. அதில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக மூன்றரை மணி. நின்று பார்ப்பது, படமெடுப்பது, கையுறையைக் கழற்றி மாட்டுவது எல்லாம் சேர்த்தால் புதியவருக்கு மணிக்கு 8 மைல் கிடைத்தாலே நல்லது. கணக்கு 28 மைல் என்று காட்டும். முதல் பயணத்துக்கு 15 முதல் 18 மைல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 25 முதல் 30 கிலோமீட்டர். குளிரில் கால்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

எந்த மாதம் தொடங்கலாம் என்று கேட்டால் பிப்ரவரி நடுப்பகுதி என்பேன். குளிர் குறைந்திருக்காது. ஆனால் லண்டன் பக்கம் அஸ்தமனம் 5 மணியைத் தாண்டியிருக்கும். தேவாலயத் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் ஸ்னோடிராப் என்ற வெள்ளைப் பூக்கள் தரையோடு தரையாகப் பூத்திருக்கும்.

முந்தின நாள் இரவு மெட் ஆபிஸ் என்ற பிரிட்டிஷ் வானிலை மையத்தின் முன்னறிவிப்பில் மூன்றைப் பாருங்கள்: விடியற்காலை வெப்பநிலை, காற்று, மழை. முந்தின மாலை மழை பெய்து, விடியலில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்றால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலும் அப்படியே. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும்படி வழியை அமைத்துக்கொள்வது நல்லது.

முதல் வழியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பயணம் வாகனங்கள் இல்லாத பாதையாக இருக்கட்டும். கைவிடப்பட்ட ரயில் தடங்கள் பல இங்கே சைக்கிள் பாதைகளாக மாறியிருக்கின்றன. நீராவி இன்ஜின் ஏறவேண்டும் என்று போட்ட தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் இருக்காது.

பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையிலான ரயில்வே பாதை 13 மைல், முழுவதும் தார் போட்டது. சேறு பிடிக்காது. இரண்டு முனையிலும் ரயில் நிலையம் இருப்பதால் ஒருவழி ஓட்டிவிட்டு ரயிலில் திரும்பிவிடலாம். முற்றிலும் புதியவருக்கு இதைவிடப் பாதுகாப்பான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

டர்பிஷயரின் டிஸ்ஸிங்டன் பாதையும் 13 மைல்தான். ஆஷ்போர்ன் ஊரில் தொடங்கி பார்ஸ்லி ஹே வரை மெல்ல மெல்ல ஏறும். சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்துக்கு நடுவே, கல்லடுக்கு மதில்களுக்கிடையே செல்லும் வழி. முதல் முறை பாதியில் திரும்பிவிடுங்கள். இரண்டு முனையிலும் வாடகை சைக்கிள் மையம் உண்டு, குளிர்காலத்தில் திறந்திருக்கும் நாட்களை முன்பே பார்த்துக்கொள்ளவேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. திரும்பும் வழி இறக்கம் என்பதால் பெடல் மிதிக்கும் வேலை குறையும். உடம்பில் சூடு உண்டாகாது, ஆனால் காற்று முகத்தில் அறையும். திரும்பத் தொடங்கும் முன்பே, குளிர்வதற்கு முன்பே, கூடுதல் மேலாடையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் மனத்துக்கு நெருக்கமானது கேம்பிரிட்ஜ்ஷயரின் லோட்ஸ் வே. கேம்பிரிட்ஜுக்குக் கிழக்கே ஆங்கில்சி ஆபி என்ற மாளிகையிலிருந்து விக்கன் ஃபென் சதுப்புநிலம் வரை சுமார் 9 மைல். லோட் என்றால் பழங்காலத்தில் மனிதர் வெட்டிய கால்வாய். கறுத்த கரிமண் வயல்களையும் அந்தக் கால்வாய்களையும் தாண்டிப் பாதை போகிறது. மலை இல்லை, மேடு இல்லை, பார்க்குமிடமெல்லாம் வானம்தான். விக்கன் ஃபென், பழைய மாளிகைகளையும் இயற்கை இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் மிகப் பழைய இயற்கைக் காப்பகம், 1899-இலிருந்து அவர்கள் வசம் இருப்பது. மேய்ச்சல் நிலத்தில் கோனிக் என்ற மட்டக்குதிரைகள் குளிர்கால உரோமம் தடித்து நிற்கும். பிற்பகலில் ஹென் ஹாரியர் என்ற பூனைப்பருந்து வகை நாணல்களுக்கு மேல் தாழப் பறந்து வருவதைப் பார்க்க வாய்ப்புண்டு. 10.30-க்குக் கிளம்பினால் 12 மணிக்கு விக்கன், ஒரு மணி நேரம் ஓய்வு, 2.30-க்குப் புறப்பட்ட இடத்திலேயே இருக்கலாம். சமநிலம் என்பதால் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் இங்கே வராதீர்கள். நேரம் மிச்சமிருந்தால் ஆங்கில்சி ஆபியின் குளிர்காலத் தோட்டத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் பிர்ச் மரங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கால்வாயோர இழுவைப் பாதைகளைக் குளிர்காலத்தில் தவிர்த்துவிடுவேன். சேறும் அழுகிய இலையும் சேர்ந்து வழுக்கும், ஒரு பக்கம் குளிர்ந்த தண்ணீர்.

இரண்டாம், மூன்றாம் பயணத்தில் கிராமச் சாலைகளுக்கு வரலாம். தேசிய சைக்கிள் வலையமைப்பின் நீலப் பலகைகளில் இருக்கும் எண்ணைப் பின்பற்றலாம். ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை அமைப்பின் வரைபடத்தில் மஞ்சள் நிறத்தில் மெல்லிய கோடாக இருக்கும் சாலைகளே உங்களுக்குரியவை. பச்சை, சிவப்பு நிறச் சாலைகளில் கூடுமானவரை போகாதீர்கள். வயல் நடுவே செல்லும் பாதைகளில் பிரைடில்வே (குதிரைப் பாதை) என்று குறித்தவற்றில் சைக்கிள் ஓட்ட 1968-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது; நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் வழிவிடவேண்டும். ஃபுட்பாத் என்று குறித்தவை நடப்பதற்கு மட்டும். உரிமை இருந்தாலும் டிசம்பரில் பிரைடில்வே முழங்கால் சேறு. அதை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடை: கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும்

வீட்டு வாசலில் கதகதப்பாக இருந்தால் அதிகம் உடுத்திவிட்டீர்கள் என்று பொருள். பத்து நிமிடத்தில் வியர்க்கும். நின்றதும் அந்த வியர்வையே உங்களை நடுங்கவைக்கும். நம்மில் பலர் வழக்கமாக அணியும் பருத்தி உள்சட்டை இங்கே உதவாது. ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ உடம்பை ஒட்டி ஒன்று, அதற்குமேல் மெல்லிய ஸ்வெட்டர், அதற்குமேல் காற்றுப் புகாத ஜாக்கெட். இந்த மூன்றடுக்கு போதும். ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்றத்தில் திறப்பதும் இறக்கத்தில் மூடுவதும் பழக்கமாகிவிடவேண்டும்.

செலவு செய்யவேண்டியது கைக்கும் காலுக்கும்தான். கை மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. ஒரே தடித்த கையுறையைவிட, மெல்லியது ஒன்றும் அதற்குமேல் காற்றுத் தடுக்கும் ஒன்றும் மேல். உலர்ந்த இன்னொரு ஜோடியைப் பையில் வையுங்கள். காலுக்குக் கம்பளி சாக்ஸ் வாங்கும்போது ஷூவில் இடமிருக்கிறதா என்று பாருங்கள், இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். சாக்ஸுக்குமேல் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு ஷூ போடுவது இங்குள்ள பழைய சைக்கிள்காரர்களின் வழக்கம். செலவே இல்லை, நன்றாக வேலை செய்கிறது. கழுத்துக்குக் குழாய்போன்ற துணி, ஹெல்மெட்டுக்கு அடியில் காதை மூடும் மெல்லிய குல்லா. ஹெல்மெட் இங்கே சட்டப்படி கட்டாயமில்லை. இருந்தாலும் வழுக்கும் பருவத்தில் அணியவேண்டும் என்பதே என் கருத்து.

சைக்கிள்

புதிய சைக்கிள் தேவையில்லை. மட்கார்டு இல்லாமல் மட்டும் கிளம்பாதீர்கள். பின்சக்கரம் தெறிக்கும் தண்ணீர் முதுகை நனைத்தால் உடை விஷயத்தில் எடுத்த சிரமமெல்லாம் வீண். டயர் 32 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலம் இருந்தால் நல்லது. காற்றைக் கோடையைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள், பிடிப்புக் கூடும்.

சூரியன் மறைந்த பின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் பெடல்களில் ஆம்பர் நிறப் பிரதிபலிப்பான்களும் இருக்கவேண்டும். பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். தாழ்ந்த சூரியன் காரோட்டியின் கண்ணைக் கூசச் செய்யும்போது, நிழலுக்குள் இருக்கும் உங்களைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சிவப்புப் புள்ளிதான். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், அதனால் மாற்று விளக்கு ஒன்று இருக்கட்டும். கைப்பேசியை வெளிப்பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டி உள்பையில் வையுங்கள்.

முள்

இதைப் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பறவைகள் கூடுகட்டும் காலம் என்பதால் விவசாயிகள் வேலிகளை வெட்டக்கூடாது என்பது விதி. ஆகவே இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் டிராக்டரில் பூட்டிய இயந்திரத்தால் வேலிகளைச் சீவுகிறார்கள். வேலி பெரும்பாலும் ஹாத்தார்ன், பிளாக்தார்ன் என்ற முட்செடிகள். சீவிய துணுக்குகள் சாலையில் சிதறும். பிளாக்தார்ன் முள் ஒரு அங்குலம் இருக்கும், ஆணிபோல இறுகியது.

என் முதல் குளிர்காலத்தில் சில்டர்ன் குன்றுப் பகுதியில் ஒரு சாலையில் பின்டயர் இறங்கியது. விரல்கள் மரத்திருந்த அவசரத்தில் டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினேன். அரை மைல் தாண்டவில்லை, மறுபடியும் இறங்கிவிட்டது. முள் டயரிலேயே இருந்திருக்கிறது. கையில் இருந்த ஒரே மாற்று டியூபும் போய்விட்டது. மணி மூன்று. நாயோடு நடந்து வந்த பெரியவர் ஒருவர் நின்று, தன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டே, “உள்பக்கம் தடவிப் பாருங்கள், வெளியே தெரியாது” என்றார். அவர் காட்டிய முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறேன்.

டியூபைக் கழற்றியதும் அதில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். டயரை நீங்கள் கழற்றிய நிலையிலேயே வைத்திருந்தால் ஓட்டைக்கு நேரான இடம் தெரிந்துவிடும். டயரின் உள்பக்கத்தை விரல்நுனியால் மெதுவாக, இரண்டு சுற்று, இரண்டு திசையிலும் தடவவேண்டும். வேகமாகத் தடவினால் விரலில் ஏறிவிடும். சொரசொரப்பாக ஏதோ தட்டும் இடத்தில் டயரை வெளிப்பக்கமாக வளைத்தால் ரப்பருக்குள் கடுகளவு கரும்புள்ளி தெரியும். அதுதான் முள்ளின் அடி. அதை உள்ளிருந்து கருவியின் முனையால் வெளியே தள்ளவேண்டும். வெளியிலிருந்து பிடுங்கப் பார்த்தால் ஒடிந்து, நுனி உள்ளேயே தங்கிவிடும். ஒரு முள்ளை எடுத்ததும் நிறுத்திவிடாதீர்கள், பெரும்பாலும் இன்னொன்றும் இருக்கும்.

ஆகவே பையில் இரண்டு மாற்று டியூப், டயர் நெம்பும் கரண்டிகள், சிறிய பம்ப், ஒட்டுப் பெட்டி, மெல்லிய ரப்பர் கையுறை. சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதை வீட்டுக்குள், ஹீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு முறை செய்து பழகிக்கொண்டு புறப்படுங்கள். புதிதாகச் சீவிய வேலியைக் கண்டால் அந்தத் துண்டை மட்டும் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்து கடப்பதில் தவறில்லை.

பனிக்கட்டியும் தண்ணீரும்

நகராட்சியும் கவுண்டி நிர்வாகமும் முக்கியச் சாலைகளில்தான் உப்புத் தூவுகின்றன. கிராமச் சாலைகளுக்கு அந்த லாரி வருவதில்லை. வெயில் பட்ட சாலை உலர்ந்திருக்கும், அடுத்த வளைவில் மர நிழலில் கண்ணாடிபோல உறைந்திருக்கும். பிளாக் ஐஸ் என்பார்கள். கறுப்பாகத் தெரிவது தார்தான், பனிக்கட்டி கண்ணுக்கே தெரியாது. அடையாளம் ஒன்றுண்டு. சாலை ஈரமாகப் பளபளக்கும், ஆனால் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்காது, ஈரச் சாலையில் கேட்கும் ‘ஸ்ஸ்’ ஓசை நின்றுவிடும். அந்த நேரத்தில் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள், மிதிப்பதையும் நிறுத்துங்கள். நேராக உருண்டு வேகம் தானாகக் குறையட்டும். முன்கூட்டியே தெரிந்தால் இறங்கி, ஓரப் புல்லில் நடங்கள். பாலங்கள், பள்ளத்தாக்கின் அடி, வயலிலிருந்து தண்ணீர் வழிந்து சாலையைக் கடக்கும் இடம் ஆகியவை வழக்கமான ஆபத்துகள்.

மழைக்குப் பின் தேங்கிய தண்ணீருக்கு அடியில் எவ்வளவு பெரிய குழி இருக்கும் என்று தெரியாது. சாலை நடுவே மேடாக இருந்தால் அதன்மேல் மெதுவாகப் போகலாம். ஓடை சாலையைக் கடக்கும் இடங்களில் சைக்கிளைத் தண்ணீருக்குள் ஓட்டாதீர்கள், பாசி வழுக்கும். அங்கே பெரும்பாலும் பக்கத்திலேயே நடைபாலம் ஒன்று இருக்கும். கிழக்கு ஆங்கிலியாவில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை குளிர்காலம் வரை நீளும். டிராக்டர்கள் விட்டுச்செல்லும் களிமண், மழையில் சோப்புபோல ஆகிவிடும்.

சாலையில் மற்றவர்கள்

ஒரே ஒரு கார் போகும் அகலமுள்ள சாலையிலும் பல இடங்களில் சட்டப்படியான வேக வரம்பு மணிக்கு 60 மைல்தான். ஓரத்தோடு ஒட்டி ஓட்டுவது பாதுகாப்பு என்று நினைப்போம். அது ‘முந்திக்கொள்’ என்று அழைப்பதாக ஆகிவிடும். அமைதியான சாலைகளில் உங்கள் தடத்தின் நடுவில் ஓட்டலாம் என்று 2022-இல் திருத்திய ஹைவே கோட் என்ற சாலை விதித் தொகுப்பு சொல்கிறது. கார்கள் முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விடவேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. பின்னால் வண்டி சேர்ந்துவிட்டால், வசதியான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். கை உயர்த்தி நன்றி சொல்வது இங்குள்ள வழக்கம்.

குதிரை வந்தால் வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, “குட் மார்னிங்” என்று குரல் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. சத்தமின்றிப் பின்னால் வரும் சைக்கிளுக்கு மிரளும். இரண்டு மீட்டர் இடம் விட்டு மெதுவாகக் கடக்கவேண்டும். வேலிக்கடியிலிருந்து ஃபெசண்ட் கோழிகள் திடீரென்று சாலையில் ஓடும், அதற்காக வளைத்துத் திருப்பி விழுந்துவிடாதீர்கள்.

சாப்பாடு, ரயில், அவசரம்

குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் குடிக்கவேண்டும். பிளாஸ்கில் சூடான இஞ்சித் தேநீர் இருந்தால் அதன் அருமை பத்தாவது மைலில் புரியும். முக்கால் மணிக்கு ஒருமுறை பேரீச்சம்பழமோ ஓட்ஸ் கட்டியோ வாயில் போடுங்கள். கிராமத்து பப்பில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார மது அருந்தவேண்டிய அவசியமில்லை. தேநீர் கேட்டால் தருவார்கள், சூப்போ, தோலோடு சுட்ட உருளைக்கிழங்கான ஜாக்கெட் பொட்டேட்டோவோ பெரும்பாலும் கிடைக்கும். பல பப்களில் சமையலறையைப் பிற்பகல் 2.30 வாக்கில் மூடிவிடுவார்கள், திங்கட்கிழமை திறக்காத இடங்களும் உண்டு. தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். நன்றாகச் சூடேறிய பிறகு வெளியே வரும் முதல் பத்து நிமிடம்தான் நாளிலேயே மிகக் குளிரானது. கிளம்புமுன் ஜாக்கெட்டை முழுவதும் மூடிக்கொள்ளுங்கள்.

ரயிலில் சைக்கிள் ஏற்றும் விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பரபரப்பான நேரத்தில் பல வழித்தடங்களில் அனுமதி இல்லை, சில நெடுந்தூர ரயில்களில் முன்பதிவு வேண்டும். டிசம்பர் 25 அன்று ரயிலே கிடையாது, 26 அன்றும் பெரும்பாலும் இல்லை. ரயிலுக்குப் பதில் பஸ் விடும் நாளில் சைக்கிளை ஏற்றுவார்கள் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

கூட வருபவர் நடுங்குவதை நிறுத்திவிட்டு, பேச்சுக் குழறி, தடுமாறத் தொடங்கினால் அது களைப்பு அல்ல, உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைந்துவிட்டது. ஈர உடையை மாற்றி, காற்றுப் படாத இடத்தில் போர்த்தி உட்காரவைத்து, அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். தனியாகப் போகிறவர்கள் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். பள்ளத்தாக்குகளில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பதில்லை.

வீடு திரும்பியதும்

குளித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை அப்படியே விட்டால் சாலை உப்பு ஒரே வாரத்தில் செயினைத் துருப்பிடிக்க வைத்துவிடும். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, செயினையும் பிரேக்கையும் துடைத்து, ஈரப் பருவத்துக்குரிய கெட்டியான எண்ணெயைச் செயின் கண்ணிக்கு ஒரு துளி வீதம் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடையுங்கள். விளக்குகளை சார்ஜ் போடுங்கள். கடைசியாக, சக்கரத்தை மெதுவாகச் சுழற்றியபடி டயரின் மேற்பரப்பைப் பாருங்கள். டியூபை இன்னும் தொடாத முட்கள் ஓரிரண்டு அதில் குத்தி நிற்கும். அவற்றை அன்றைக்கே நகத்தால் எடுத்துவிடுங்கள்.